விழுப்புண்ணும் தெரியாப்புண்ணும்

மலர்க்குழுவினர் என்பாற் கட்டுரையொன்று வேண்டிய பொழுது, தமிழாசிரியன் ஆதலாற் சங்க இலக்கியத்தில் ஏதேனுமொரு துறையை எடுத்துக்கொள்வேன் என்றே எண்ணியிருப்பர். அவர்கள் எண்ணம் முற்றும் பொய்த்துவிடாவண்ணம் புறநானூற்றுக் காலத்திலேயே தொடங்குகின்றேன். நம் முன்னோர் போரிற் பட்ட புண்ணை இருவகையாகப் பகுத்தனர். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். அது பெருமை தருவது. முதுகிற் பட்டது புறப்புண். அது நாணம் தருவது. வெண்ணிப் போர்க்களத்திலே கரிகாலன் எறிந்த வேல் மார்பை ஊடுருவி முதுகையும் புண்படுத்தியமையாற் சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பதை எமது கல்லூரியின் உயர்தர வகுப்பிலே தமிழ் பயின்ற எவரும் அறிவர். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது புண்ணொன்று உண்டு. அது மார்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை. தோலிலே ஒரு கீறல்தானும் இல்லை. தலையோட்டினுள்ளே மறைந்திருந்து, ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் ஒருவனை வருத்தும் அப்புண்ணைப் பற்றியும், அதனை ஆராய்வார்க்கு நம்போன்றோர் செய்யக்கூடிய துணையைப் பற்றியுமே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

தெல்தெனியவில் எம் வீட்டுக்கு மேற்புறத் தெருவிலே இளைப்பாறிய படைவீரர் ஒருவர் வசிக்கின்றார். சிங்களவர், என்னினும் சில வயது மூத்தவர். 2008 ஆம் ஆண்டு வன்னிப் போர்முனையில் அவர் நின்ற பதுங்குகுழிக்கு அருகே எறிகணையொன்று வெடித்தது. உடனிருந்த இருவர் இறந்தனர். இவரோ ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. சிறிது நேரம் நினைவிழந்து கிடந்து, எழுந்து, நான்கு நாள் வைத்தியசாலையில் இருந்துவிட்டு மீண்டும் தம் அணிக்கே சென்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாம் சொல்வதுபோல ஊரவரும் அவர்தம் நல்லூழை வியந்தனர்.

ஆயின் அது தலைப்பாகையோடு போகவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவரைத் தெல்தெனிய பஸ் நிலையத்தில் அடிக்கடி காண்பேன். "சேர், மகியங்கனை பஸ் போய்விட்டதா?" என்று சிங்களத்திற் கேட்பார். போகவில்லை என்பேன். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வியை, முதன்முறை கேட்பவர்போல, மீண்டும் கேட்பார். லொறியின் ஹோர்ன் சற்றே உரத்து ஒலித்தால் திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பார். வெயிலிலே கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நடப்பார். நடையும் சிறிது தள்ளாடும். அற்பச் சொல்லுக்கும் பெருஞ்சினம் கொள்வார். குடிக்கின்றார் என்றனர் அயலவர். யானும் அவ்வாறே நம்பினேன். ஒருநாள் என் மாணவர் இருவர் அவர் நடையைப் பார்த்து நகைத்தபோது அவர்களைக் கண்டியாது வாளாவிருந்தேன் என்பதையும் மறையாது எழுதிவைக்கின்றேன். அவரோ தம் வாழ்நாளில் மதுவைத் தொட்டவரல்லர். இதனை யான் அறிந்தது, அவர் மனைவியார் ஒருநாள் மாலை ஆங்கிலத்தில் இருந்த வைத்திய அறிக்கையொன்றைக் கொண்டுவந்து, "சேர், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்று கேட்ட பொழுதேயாம். வெடிப்பினால் நேர்ந்த மூளைக்காயத்தின் நெடுநாள் விளைவு என்று நரம்பியல் நிபுணர் ஒருவர் அதிலே எழுதியிருந்தார். அதற்கு முன்னர், உதவித்தொகை கேட்டுச் சென்ற ஓர் அலுவலகத்திலே, காயம் எங்கே என்று கேட்டு அவரைத் திருப்பியனுப்பியிருந்தனர் என்பதையும் அந்த அம்மையார் கூறினார். அன்றிரவு தொடங்கியதே இவ்விடயத்தில் என் வாசிப்பு.

இக்காயம் எவ்வாறு நேர்கின்றது? கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியிலே பதினெட்டு வளைவை அறியாதார் எம்மிற் சிலரே. ஊருக்குத் திரும்புவோர் அவ்வழியே எருமைத் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவதுண்டு. வீட்டில் வந்து அவிழ்த்துப் பார்த்தாற் சட்டி உடையவில்லை. கட்டிய கயிறும் இளகவில்லை. உள்ளே தயிர் மட்டும் பிளந்து நீர்விட்டிருக்கும். தலையோடு சட்டி, மூளை தயிர். வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் நிறையுள்ளது; மென்மையானது; நீரிலே மிதப்பது. தலை விரைந்து திரும்பும்போதோ, ஓடிவந்து சடுதியாக நிற்கும்போதோ, தலையோட்டின் அசைவு ஒன்றாகவும் மூளையின் அசைவு வேறொன்றாகவும் அமைகின்றன. அப்பொழுது மூளையினுள்ளே ஒரு பகுதியை மற்றொரு பகுதியுடன் இணைக்கும் நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. மயிரினும் நுண்ணிய அவ்விழைகளின் சிதைவு சாதாரண சீ.ரீ. படத்திற் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆகவேதான் படம் தெளிவாக இருக்க, ஆள் பழைய ஆளாக இல்லாதிருக்கின்றார்.

துப்பாக்கிக் குண்டோ உலோகத்துண்டோ தலையோட்டைத் துளைத்தல் ஒருவகை. மோதலால் மூளை குலுங்குதல் மற்றொருவகை. வெடிப்பின் அமுக்க அலை உடலை ஊடறுத்துச் செல்லுதல் மூன்றாவது. அந்த அலை மூளையைத் தாக்குவது தலையோட்டின் வழியாகவா, மார்பின் இரத்தக் குழாய்களின் வழியாகவா, இரண்டாலுமா என்பது இன்னும் ஆராய்ச்சியாளர் வாதிடும் பொருள். பகைவரின் குண்டு மட்டுமன்றி, தம் பக்கத்துப் பீரங்கியை நாள்தோறும் இயக்குபவரும் அவ்வலைக்கு ஆளாகின்றனர் என்பது அண்மைக்காலத்திற் பெரிதும் கவனிக்கப்படுகின்றது.

மூளையின் எப்பகுதி எத்தொழிலைச் செய்கின்றது என்பதைப் பற்றி இன்று பாடநூல்கள் கூறுவனவற்றுட் பெரும்பங்கு போரிற் காயமுற்றோர் தந்த அறிவாகும். 1904-05 இல் யப்பானுக்கும் ருசியாவுக்கும் போர் நிகழ்ந்தது. ருசியர் அக்காலத்திற் பயன்படுத்திய துப்பாக்கியின் குண்டு சிறியது. மிக விரைந்து செல்வது. தலையின் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறினும், ஆளைக் கொல்லாது விடுவதும் உண்டு. கண் வைத்தியராகிய இனோயே தட்சூஜி என்ற இளைஞரிடம் யப்பானிய அரசு ஒரு வேலையை ஒப்படைத்தது. தலையிற் குண்டு பாய்ந்து பார்வை குறைந்த வீரர் ஒவ்வொருவரும் எவ்வளவு பார்வையை இழந்தார், அவருக்கு எவ்வளவு உபகாரச் சம்பளம் வழங்கத்தகும் என்று கணித்துச் சொல்லவேண்டும். உண்மையில் அது கணக்கப்பிள்ளை வேலையே. அவரோ குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளப்பதற்கு ஒரு கருவியைத் தாமே அமைத்து, அது மூளையினுள்ளே சென்ற வழியைக் கணித்து, அவ்வழியையும் அவ்வீரர் காணாத பார்வைப் புலத்தையும் ஒப்புநோக்கினார். 29 வீரரை இவ்வாறு ஆராய்ந்து 1909 இல் ஜேர்மன் மொழியில் நூலாக வெளியிட்டார். பிடரியின் உட்புறத்தே மூளையில் உலகத்தின் படமொன்று விரிந்துகிடக்கின்றது என்பதும், நாம் நேரே நோக்கும் சிறு நடுப்பகுதிக்கே அப்படத்திற் பேரிடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதும் அதனாற் புலனாயின. முதலாம் உலகப்போரிலே கோர்டன் ஹோம்ஸ் என்னும் ஐரிஷ் நரம்பியல் வைத்தியர் பிரான்ஸில் நூற்றுக்கணக்கான வீரரைச் சோதித்து அப்படத்தை மேலும் செம்மைப்படுத்தினார். உபகாரச் சம்பளக் கணக்கிலிருந்து ஒரு விஞ்ஞானம் பிறந்த கதை இது.

அதே முதலாம் உலகப்போரில்தான் என் அயலவரின் நோயைப் போன்றதும் முதன்முதலாகப் பெயர் பெற்றது. அப்பெயரை வைத்திய ஏட்டில் ஏற்றியவருக்கும் எம் வீதிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அறிந்தபோது யான் வியந்தேன். மகியங்கனைக்கு அப்பால் தம்பானை முதலிய இடங்களில் வாழும் வேடர் குலத்தைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட பெருநூல் பலரும் அறிந்தது. அதிலே வேடரின் இசையைப் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் சார்ள்ஸ் மயர்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர். நான்கு ஆண்டுகளின் பின், பிரான்ஸிலே ஒரு போர் வைத்தியசாலையிற் பணிபுரிந்த அவரே, அருகில் எறிகணை வெடித்தபின் நினைவும் பார்வையும் மணமும் சுவையும் குன்றிய மூவரைப் பற்றி 1915 பெப்ரவரியில் 'லான்செற்' என்ற வைத்திய இதழில் எழுதினார். படைவீரர் வாயில் வழங்கிய 'ஷெல் ஷொக்' என்ற பெயர் அதன்மூலம் உலகெங்கும் பரவிற்று. நாம் குண்டதிர்ச்சி எனலாம். ஒரு குலத்தாரின் மெல்லிய பாட்டைச் செவியூன்றிக் கேட்டு ஆராய்ந்த ஒருவர், பின்னர் ஓசையால் உடைந்தவரையும் ஆராய நேர்ந்தது.

இதன்பின் நிகழ்ந்ததே வருந்தத்தக்கது. குண்டதிர்ச்சி உடற்புண்ணா, மனத்தளர்ச்சியா என்ற வினா எழுந்தது. வினா வைத்தியருடையது; விடையால் ஆதாயமோ நட்டமோ அடைந்தோர் வேறு. பிரித்தானியப் படை அந்நோயாளரை இருவகையாக்கிற்று. பகைவரின் வெடிப்பால் விளைந்தது எனின் காயம் எனக் குறிக்கப்படும். அவ்வீரர் காயமுற்றோர்க்குரிய பட்டியையும் உபகாரச் சம்பளத்தையும் பெறுவார். அல்லாதது நோய் எனக் குறிக்கப்படும். அவருக்கு அவை இல்லை. நம்மவரின் விழுப்புண்ணும் புறப்புண்ணும் வேறு வேடத்தில் வந்தன என்றே எனக்குத் தோன்றுகின்றது. தொகை பெருகவே, 1917 இல் அப்பெயரை வழங்குதலையே படைத்தலைமை தடுத்தது; 1922 இல் அரசு அமைத்த விசாரணைக் குழுவும் அப்பெயரைக் கைவிடுமாறு கூறிற்று. மயர்ஸும் அது பொருந்தாப் பெயர் என்று பிற்காலத்தில் வருந்தினார். ஆயின் பிரடெரிக் மொற் என்னும் லண்டன் நோயியலறிஞர், புறக்காயமின்றி இறந்த வீரர் இருவரின் மூளையை நுணுக்குக்காட்டியிற் பார்த்து, நுண்ணிய இரத்தக் கசிவுகளைக் கண்டு 1917 இலேயே எழுதியிருந்தார். அவ்வழியே தொடர்ந்து செல்வார் அன்று மிகச் சிலரே.

தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் கழிந்தன. 2016 இல் அமெரிக்கப் படை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியல் பேர்லும் அவர்தம் துணைவரும், வெடிப்புக்கு ஆளாகிப் பின்னர் காலமான வீரரின் மூளைகளை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். மூளையின் வெண்பொருளும் சாம்பற்பொருளும் சந்திக்கும் எல்லையிலும், இரத்தக் குழாய்களைச் சுற்றியும், மூளைநீர் தங்கும் அறைகளின் ஓரத்திலும் ஒருவகைத் தழும்பு ஒழுங்காகக் காணப்பட்டது. சாலை விபத்திலோ விளையாட்டிலோ அடிபட்டோரின் மூளையில் அவ்வாறான அமைப்புக் காணப்படவில்லை. வெடிப்புக்கு ஆளாகி நெடுநாள் வாழ்ந்த ஐவரின் மூளைகளும், வெடிப்பின்பின் விரைவில் இறந்த மூவரின் மூளைகளுமே அவ்வாராய்ச்சிக்குக் கிடைத்தன. எண்ணிக்கை சிறிது. ஆயினும், காயம் எங்கே என்ற வினாவுக்குச் சுட்டுவிரலால் தொட்டுக்காட்டக்கூடிய விடை அன்றுதான் கிடைத்தது. அந்த எண்மரின் குடும்பத்தார் துயரத்தின் நடுவிலே சம்மதம் தந்திராவிடின் அதுவும் கிடைத்திராது. மனத்தின் துயரும் உண்மையே. இரண்டும் ஒருவரிடத்தே கலந்திருத்தலும் பெருவழக்கு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுத்ததே பழையோர் செய்த பிழை.

தமிழாசிரியனாகிய என் நெஞ்சை மிகவும் கவர்ந்தது ருசிய நாட்டு வீரர் ஒருவரின் வரலாறு. சசெத்ஸ்கி என்பது அவர் பெயர். பொறியியல் பயின்றவர். 1943 மார்ச் மாதத்தில், தமது இருபத்துமூன்றாம் வயதில், தலையின் இடப்புறத்தே குண்டு பாய்ந்தது. உயிர் தப்பினார், எழுத்தறிவு தப்பவில்லை. உலகம் துண்டு துண்டாகத் தோன்றிற்று, வலப்புறம் தெரியவில்லை, பொருளின் பெயர் நாவில் வரவில்லை. கல்லூரியிற் பயின்ற இளைஞர் அரிச்சுவடி தொடங்கவேண்டியதாயிற்று. அலெக்சாந்தர் லூரியா என்னும் பேரறிஞர் அவரைக் கவனித்துவந்தார். ஒவ்வோர் எழுத்தாக நினைந்து எழுத முயன்றபோது சசெத்ஸ்கியால் இயலவில்லை. ஒருநாள், எழுத்தை எண்ணாதே, கையைத் தூக்காமல் சொல்லை ஒரே ஓட்டமாக எழுது என்றனர். கை எழுதிற்று! கண் மறந்த எழுத்தைக் கை மறக்கவில்லை. ஆயின் தாம் எழுதியதைத் தாமே வாசிப்பது அவருக்குப் பெரும்பாடு. அந்நிலையிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, நாளொன்றுக்குச் சில வரிகளாக, மூவாயிரம் பக்கமளவில் தம் அனுபவத்தை எழுதிவைத்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு லூரியா இயற்றிய நூல் ருசிய மொழியிலே 1971 இலும் ஆங்கிலத்தில் அடுத்த ஆண்டிலும் வெளியாயிற்று.

ஏடுதொடக்கும் நாளிலே குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கின்றோமே, அங்கே கண்ணுக்கு ஒரு கல்வியும் கைக்கு வேறொரு கல்வியும் நிகழ்கின்றன என்பதை இவ்வரலாற்றைப் படித்தபின்னரே உணர்ந்தேன். இருபதாண்டு கற்பித்தும் எனக்குத் தோன்றாத உண்மை அது.

காயமுற்றோரைத் தொடர்ந்து கவனித்தலின் பயனை இரண்டு முயற்சிகள் நன்கு காட்டுகின்றன. இரண்டாம் உலகப்போரில் ஒக்ஸ்போர்ட் நகரத்து மகளிர் கல்லூரியொன்று தலைக்காய வைத்தியசாலையாக மாற்றப்பட்டது; 13,000 பேரளவில் அங்கே சிகிச்சை பெற்றனர். அவர்தம் குறிப்பேடுகள் எறியப்படவில்லை. போர் முடிந்து பல்லாண்டு சென்றபின்னும் அவ்வீரரை அழைத்துச் சோதித்து, றிச்சி றசல், பிரீடா நியூகொம் முதலியோர் நினைவைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பல உண்மைகளைக் கண்டனர். மற்றையது வியட்நாம் போரைப் பற்றியது. வில்லியம் கேவ்னெஸ் என்னும் வைத்தியர் 1967 முதல் 1970 வரை தலைக்காயமுற்ற அமெரிக்க வீரரைப் பற்றிய பதிவேடொன்றைத் தொடங்கினார். அதிலுள்ளோரை 1980களிலும் அதன் பின்னரும் மீண்டும் மீண்டும் அழைத்துச் சோதித்தனர். தலையோடு துளைக்கப்பட்டோரிற் பாதிப்பேரளவில் வலிப்புநோய்க்கு ஆளாயினர் என்பதும், சிலருக்கு அந்நோய் பத்தாண்டுக்கு மேல் தாழ்த்துத் தொடங்கிற்று என்பதும் அவ்வாறே தெரிந்தன. அவ்வாராய்ச்சிக்கு வலிமை தந்தது யாது தெரியுமா? படையிற் சேர்ந்த நாளில் ஒவ்வொருவரும் எழுதிய அறிவுச் சோதனையின் புள்ளி. காயத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று கழித்துப் பார்க்க முடிந்தது. மற்றை நோயாளர் பலருக்கு அந்த 'முன்' கிடைப்பதில்லை. பழைய புள்ளிப் புத்தகங்களை அலுமாரியிற் கறையானுக்கு இரையாக்கும் ஆசிரியர் சமூகத்தில் ஒருவனாக இதனை எழுதுகின்றேன்.

படைவீரருக்காகச் செய்த ஆராய்ச்சி படைவீரரோடு நின்றுவிடுவதில்லை. 'அராபிய லோரன்ஸ்' எனப் புகழ்பெற்றவர் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்திற் காயமுற்று ஆறாம் நாள் இறந்தார். அவர் படுக்கையருகே அழைக்கப்பட்ட சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ். அந்த இறப்பு அவரை உறுத்திற்று. போர் தொடங்கியதும் இராணுவத்தில் மோட்டார் சைக்கிளிற் செய்தி கொண்டு செல்வோரின் விபத்துகளை ஆராயலானார். போரின் முதல் 21 மாதத்தில் பிரித்தானிய வீதிகளிலே மோட்டார் சைக்கிளில் ஓட்டியும் பின்னிருந்தும் சென்றோருள் 2,279 பேர் இறந்தனர் என்றும், தலைக்கவசம் அணிந்து அடிபட்டோராக அவர் கண்ட எழுவரும் பிழைத்தனர் என்றும் 1941 இல் எழுதினார். அவ்வாண்டின் இறுதியிலே படையினருக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பிரித்தானியப் பொதுமக்களுக்கு அது சட்டமாக மேலும் 32 ஆண்டு சென்றது. இன்று கண்டி வீதியிலே தலைக்கவசம் அணிந்து செல்லும் ஒவ்வோர் இளைஞனும் அந்த ஆராய்ச்சியின் பயனையே தலையிற் சுமக்கின்றான். கைப்பிடியில் அதனைத் தொங்கவிட்டுச் செல்வோரைப் பற்றி யான் ஒன்றும் கூறேன். அண்மைக்கால உதாரணமும் உண்டு. தலையில் அடிபட்டோரின் இரத்தத்தில் மூளையிலிருந்து கசியும் இரண்டு புரதங்களை அளந்து, சீ.ரீ. படம் வேண்டுமா வேண்டாவா என்று தீர்மானிக்க உதவும் சோதனைக்கு 2018 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கான ஆராய்ச்சிக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே பெரும்பொருள் உதவிற்று. 2000 ஆம் ஆண்டுக்குப்பின் அந்நாட்டுப் படையினரில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மூளைக்காயமுற்றோராகக் கணக்கிடப்பட்டுள்ளனர். அவருட் பெரும்பாலோர் போர்முனையிலன்றிப் பயிற்சியிலும் விபத்திலும் விளையாட்டிலும் இலேசான காயம் பெற்றோர்.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1983 முதல் 2009 வரை இத்தீவில் நடந்த போரில் எறிகணையும் கண்ணிவெடியும் தற்கொலைக் குண்டும் எத்துணைத் தலைகளைக் குலுக்கின! படையில் இருந்தோர் தலையும் இயக்கங்களில் இருந்தோர் தலையும் இடையிலே அகப்பட்ட பொதுமக்கள் தலையும் அவற்றுள் அடங்கும். என் தாய்வழி உறவினர் சிலர், என் அயலவரின் அணி நின்ற பக்கத்துக்கு மறுபக்கத்தே, பதுங்குகுழிகளில் இருந்தனர். ஆகவே இப்பொருளை எழுதுதல் எனக்கு எளிதாயிருக்கவில்லை. அவரது வைத்திய அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தபோது, வன்னியிலிருந்து வந்து எங்களோடு சிலகாலம் தங்கிய ஒரு மைத்துனியை நினைத்தேன். அவளும் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பாள். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்று ஆறுதல் கூறி அனுப்பினோம். ஒரு வைத்தியரிடமும் காட்டவில்லை.

கை காலிழந்த படையினர்க்கு ராகமையிலுள்ள ரணவிரு செவன போன்ற நிலையங்கள் உள்ளன. அவர்தம் தியாகத்தை நாடு கண்ணாற் காண்கின்றது. கண்ணுக்குத் தெரியாத காயமுடையோரைக் கண்டறிந்து, ஆண்டுதோறும் அழைத்துச் சோதித்து, பதிந்துவைக்கும் முயற்சியே பெரிதும் வேண்டப்படுவது. போர் முடிந்தபோது இருபது வயதினராயிருந்தோர் இன்று நாற்பதை அணுகுகின்றனர். மூளைக்காயம் முதுமையில் மறதிநோயை விரைவிற் கொணருமா என்ற வினாவுக்கு உலகெங்கும் விடை தேடப்படுகின்றது. அவ்விடையின் ஒரு பங்கு நம் கிராமங்களில் நடமாடிக்கொண்டிருக்கின்றது. மேல்நாட்டார் நூல்கள் மேல்நாட்டு வீரரையே அறியும். சிங்களத்திலும் தமிழிலும் நினைவைச் சோதிப்பதற்குரிய வினாக்கள் அவ்வம்மொழியின் இயல்பறிந்து ஆக்கப்படல் வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றைக் கொடுத்து அதில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்திற் கூறுக என்னும் சோதனையை அப்படியே நம் மொழிக்கு மாற்றினால், தமிழில் 'ங' என்று தொடங்கும் சொல் கேட்டுத் திகைக்க வைத்தது போலாகும். மொழியாசிரியர்க்கும் இவ்வாராய்ச்சியில் இடமுண்டு என்பதற்காக இதனைக் கூறினேன்.

துணைசெய்தல் என்றவுடன் பணம் என்றே பலர் எண்ணுவர். பணமும் வேண்டும், கடல்கடந்து வாழும் பழைய மாணவருள் வைத்தியராயிருப்போர் பலர், அவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் இனோயேயின் வீரர் 29 பேரும் பணம் தரவில்லை. தம் தலையை அளக்க விட்டனர். வியட்நாம் வீரர் முதுமையிலும் பயணம் செய்து சோதனைக்கு வந்தனர். ஆகவே, வீட்டில் இத்தகையோர் இருப்பின் டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் எறியாது வைத்திருத்தல் முதலுதவி. வெடிப்பு நிகழ்ந்த நாள், நினைவிழந்த நேரம், அதன்பின் வந்த மாற்றம் என்பனவற்றைக் குடும்பத்தார் நினைவிலிருக்கும்போதே எழுதிவைத்தல் அடுத்தது. ஆராய்வோர் வந்து கேட்குமிடத்து, விருப்பமானால் உடன்படலாம், விருப்பமின்றேல் மறுக்கலாம், உடன்பட்டபின்னும் விலகலாம். இவ்வுரிமையை விளக்காத ஆராய்ச்சியாளருக்கு எவரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

இறந்தபின் மூளையை ஆராய்ச்சிக்கு அளித்தல் என்பது கேட்போர்க்குத் திகைப்பைத் தரலாம். அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்திலே 2008 இல் தொடங்கப்பட்ட மூளை வங்கிக்கு விளையாட்டு வீரரும் முன்னாட் படைவீரரும் உயிருடனிருக்கும்போதே உறுதி எழுதிக் கொடுக்கின்றனர். மூளையை எடுத்தபின்னும் முகம் மாறுவதில்லை. வழக்கம்போலக் கிரியைகள் செய்து தகனம் செய்யலாம். நம் தீவினர் இவ்வகைக் கொடைக்குப் புதியவரல்லர். டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தான சங்கத்தின் வழியே இலங்கையர் கண்கள் பல நாட்டவர்க்கும் ஒளி தந்துள்ளன. பேராதனை மருத்துவ பீட மாணவர் உடற்கூற்றியல் பயில்வதும் பெரியோர் பலர் மனமுவந்து அளித்த உடல்களாலேயே.

மாணவர்க்கு ஒரு சொல். கிரிக்கெட் பந்தோ எதிரணியான் முழங்காலோ தலையிற் பட்டு ஒருவன் மயங்கினாலும், மயங்காது தடுமாறினாலும், ஓட்டம் எவ்வளவு என்ற கணக்கை மறந்தாலும், அவனை அன்று மீண்டும் ஆடவிடாதீர். 2019 முதல் சர்வதேச டெஸ்ட் ஆட்டங்களிலேயே அவனுக்குப் பதில் வேறொருவனை ஆடவிடும் விதி வந்துள்ளது. முதற்காயம் ஆறுமுன் இரண்டாவது படுவது பேராபத்து. பயிற்றுநராகிய நண்பர்கள் என்னைப் பொறுத்தருள்க. பெரும்போட்டியின் வெற்றி அடுத்த ஆண்டிலும் கிடைக்கும்.

என் அயலவருக்கு வருவோம். கண்டி வைத்தியசாலை நரம்பியல் கிளினிக்கிற்கு இரண்டு மாதத்துக்கொருமுறை செல்கின்றார். தலைவலி குறைந்துள்ளது, உறக்கம் சிறிது வருகின்றது, மறதி அவ்வாறே உள்ளது. சசெத்ஸ்கியின் கதையை ஒருநாள் மாலை அவருக்குச் சிங்களத்திற் கூறினேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார். மறுநாள் என் பழைய சீ.ஆர். கொப்பியொன்றின் எழுதாத பகுதியைக் கேட்டு வாங்கிச் சென்றார். அதிலே இப்போது நாளும் எழுதுகின்றார்: எழுந்த நேரம், மருந்து, தலைவலி, யாரோடு சினந்தார், எதனை மறந்தார். எழுத்து கோணலாயினும் தெளிவானது. பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று வைத்தியர் கேட்டாராம், இசைந்தாராம். அட்டையின் உட்புறத்திலே, பெரிய எழுத்தில், மகியங்கனை பஸ் புறப்படும் நேரங்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. சென்ற வாரம் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, சேர்" என்றார்.